கடையில் இருக்கும் மாத்திரை அரசு மருத்துவமனையில் ஏன் இல்லை?

அரசு மருத்துவமனையில் மருந்துத் தட்டுப்பாடு என்று செய்தி வரும்போதெல்லாம் மக்கள் கேட்பது ஒரே கேள்விதான்: எதிரே இருக்கிற மெடிக்கலில் அட்டை அட்டையாகக் கிடைக்கும் மாத்திரையை அரசு வாங்கிக் கொடுக்க முடியாதா? கொஞ்ச நாளில் இன்னொரு செய்தி வரும், டெண்டர் விடாமல் அவசரமாக வாங்கியதில் முறைகேடு என்று. அப்போது கேள்வி தலைகீழாகிறது: ஏன் டெண்டர் விடவில்லை? இரண்டுமே நியாயமான கேள்விகள். ஒரே சட்டத்தின் இரண்டு ஓரங்களில் நின்று கேட்கப்படுவதால்தான் குழப்பம்.

மருந்துக் கொள்முதலை வைத்தே இதைப் பார்ப்போம். சாலைக்கும் பாலத்துக்கும் மின்மாற்றிக்கும் அதே சட்டம்தான். ஆனால் பாலம் ஆறு மாதம் தாமதமானால் சுற்றிப் போகலாம், இன்சுலினுக்குச் சுற்றுவழி கிடையாது.

சட்டம் எங்கே இருக்கிறது

தமிழ்நாட்டில் அரசுத் துறைகள், உள்ளாட்சி அமைப்புகள், அரசு நிறுவனங்கள் பொருள் வாங்கினால் பொருந்துவது 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம். இதற்கான விதிகள் 2000-இல் வந்தன. அடுத்து கர்நாடகம் 1999-இல் இதே மாதிரி ஒரு சட்டம் போட்டது. ஒன்றிய அரசுக்கோ இப்படித் தனிச் சட்டமே இல்லை. 2012-இல் மக்களவையில் வைக்கப்பட்ட பொதுக் கொள்முதல் மசோதா நிறைவேறாமலே காலாவதியானது, அங்கே பொது நிதி விதிகள் 2017 என்ற நிர்வாக விதித்தொகுப்பை வைத்துத்தான் வண்டி ஓடுகிறது.

செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் சில சொற்கள்:

1. இரண்டு உறை முறை: முதல் உறையில் நிறுவனத்தின் தகுதி, இரண்டாவதில் விலை. முதல் உறையில் தேறியவர்களின் இரண்டாவது உறையை மட்டும்தான் பிரிப்பார்கள்.

2. எல்1: தேறியவர்களில் குறைந்த விலை சொன்னவர். அடுத்தவர் எல்2, அதற்கடுத்து எல்3.

3. முன்வைப்புத் தொகை: விளையாட்டுக்கு விலை சொல்லிவிட்டு ஓடிவிடாமல் இருக்க முன்கூட்டியே கட்டும் பணம். வேலை கிடைத்தபின் கட்டுவது காப்புத்தொகை. சரக்கு தராவிட்டால் அதில் கை வைப்பார்கள்.

4. விலை ஒப்பந்தம்: இவ்வளவு வாங்குகிறோம் என்று மொத்தமாக வாங்காமல், குறிப்பிட்ட காலத்துக்கு இந்த விலையில் தர வேண்டும் என்று மட்டும் கட்டிப்போடுவது. தேவைப்படும்போது தேவைப்படும் அளவுக்கு ஆர்டர் போகும்.

இந்தச் சட்டத்தின் உயிர்நாடி ஒரே விதியில் இருக்கிறது. என்ன பார்த்துத் தேர்ந்தெடுப்போம் என்பதை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும், உறையைப் பிரித்தபின் அதை மாற்றக் கூடாது. விலை வெளியே தெரிந்த பிறகு 'இவர் சரியாகச் சப்ளை செய்யமாட்டார்போலத் தெரிகிறது' என்று ஓர் அதிகாரி எல்1-ஐ ஒதுக்கினால், அது நல்லெண்ணமா, எல்2-இடம் வாங்கிய காசா என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை. அதனால் சட்டம் இரண்டையும் ஒன்றாகவே நடத்துகிறது. நீதிமன்றங்களும் இப்படித்தான் பார்க்கின்றன. 1994-இல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கோடு இன்றும் நிற்கிறது: முடிவு சரியா என்று நாங்கள் எடை போட மாட்டோம், முடிவெடுத்த முறை சரியா என்றுதான் பார்ப்போம்.

சட்டம் பயப்படும் ஆபத்து, பயப்படாத ஆபத்து

இப்படி ஒரு சட்டம் எதற்குப் பயப்படுகிறது என்று பாருங்கள். அதிகாரிக்கு. அவர் வேண்டியவருக்குக் கொடுத்துவிடுவாரோ, விலையை ஏற்றிவிடுவாரோ, மூன்றே நாள் அவகாசம் கொடுத்து மற்றவர்கள் வராதபடி செய்துவிடுவாரோ என்ற பயம். (அதற்காகத்தான் விதிகளில் 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேலானதற்கு 30 நாள் என்று அவகாசம் வைத்தார்கள்.) நம் ஊர் அனுபவத்தில் இது தேவையான பயம்தான், அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் மாத்திரை வராமல் போவதற்கு அதிகாரி மட்டும் காரணமாக இருப்பதில்லை. ஒரு மாத்திரை பின்னோக்கி எங்கே போகிறது? கிடங்கிலிருந்து இமாச்சலத்திலோ குஜராத்திலோ இருக்கும் ஆலைக்கு. அங்கிருந்து மூலமருந்து, அதாவது மாத்திரைக்குள் உண்மையில் வேலை செய்யும் வேதிப்பொருள், தயாரிக்கும் இடத்துக்கு. அதற்கும் பின்னால் அந்த மூலமருந்துக்கான தொடக்கப் பொருள்களுக்கு. இந்தியா இறக்குமதி செய்யும் மூலமருந்துகளில் பெரும்பங்கு சீனாவிலிருந்துதான் வருகிறது.

பென்சிலின் ஜி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1950-களிலேயே புனே பக்கத்தில் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் என்ற பொதுத்துறை ஆலையை அமைத்து நாமே பென்சிலின் தயாரித்தோம். பின்னால் சீன விலையோடு மோத முடியாமல் இந்திய ஆலைகள் ஒவ்வொன்றாக பென்சிலின் ஜி தயாரிப்பதைக் கைவிட்டன. அமாக்சிசிலின் போன்ற அன்றாட மருந்துகளுக்கே அடிப்படை அதுதான். 2020-இல் ஒன்றிய அரசு மூலமருந்து உற்பத்திக்கு 6,940 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்தது. அதன்கீழ் 2024-இல்தான் காக்கிநாடாவில் அரபிந்தோ குழுமத்தின் ஆலை வழியாக பென்சிலின் ஜி தயாரிப்பு பெரிய அளவில் திரும்பி வந்தது.

இப்போது டெண்டர் மேசைக்கு வருவோம். அமாக்சிசிலினுக்கு ஐந்து நிறுவனங்கள் விலை சொல்கின்றன. காகிதத்தில் நல்ல போட்டி. ஐந்தும் ஒரே ஊர் ஆலையிலிருந்து மூலமருந்து வாங்கினால் அந்த ஊரில் ஒரு மாதம் ஆலை மூடினால் போதும், ஐந்து பேரும் சேர்ந்தே கையை விரிப்பார்கள். இதை எல்1 பட்டியல் காட்டாது. மூலமருந்து எங்கிருந்து வருகிறது என்று டெண்டரில் கேட்டிருந்தால்தான் தெரியும்.

நாட்டின் பாதுகாப்பை முன்வைத்துக் கொண்டுவந்த விதியிலும் இதே இடைவெளி இருக்கிறது. சீனாவுடனான கல்வான் எல்லை மோதலுக்கு அடுத்த மாதம், 2020 ஜூலை 23 அன்று, நிலஎல்லை பகிரும் நாடுகளைச் சேர்ந்தவர்கள் பதிவு செய்யாமல் அரசு டெண்டரில் கலந்துகொள்ளக் கூடாது என்று பொது நிதி விதி 144-ஐ ஒன்றிய அரசு திருத்தியது, மாநிலங்களுக்கும் அதைப் பொருந்தச் செய்தது. அந்தத் திருத்தம் பார்ப்பது டெண்டரில் விலை சொல்பவர் யார் என்பதை. இந்திய நிறுவனம் ஒன்று அந்த நாடுகளிலிருந்து மூலப்பொருள் வாங்குவதை அது தடுக்கவில்லை. தடுக்கவும் முடியாது, தடுத்தால் பாதி மாத்திரைகளுக்கு டெண்டரே விட முடியாமல் போயிருக்கும். கொரோனாவுக்கான மருத்துவப் பொருள்களுக்கு அந்த ஆண்டு இறுதி வரை விலக்கும் கொடுக்க வேண்டியிருந்தது.

டெண்டர் ஆவணத்துக்குள் ஆபத்தை எழுதுவது எப்படி

உறையைப் பிரித்தபின் எதையும் மாற்ற முடியாது என்றால், சப்ளை தொடர்பான எல்லாக் கவலையையும் அதற்கு முன்பே ஆவணத்தில் எழுதியாக வேண்டும். வேறு இடமே கிடையாது. இதை ஓரளவு நன்றாகச் செய்த அமைப்பு என்று நாட்டில் பல மாநிலங்களும் பார்த்துப் பின்பற்றியது, அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை. 1994 ஜூலையில் நிறுவனமாகப் பதிவாகி 1995 ஜனவரியில் மருந்து விநியோகத்தைத் தொடங்கியது, அதாவது 1998 சட்டத்துக்கும் மூத்தது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இதே அச்சில் கழகங்களை அமைத்தன. அது என்ன செய்தது?

1. வாங்குவதையும் செலவழிப்பதையும் பிரித்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக், அதில் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று ஒதுக்கீடு. அந்தத் தொகைக்குள் எந்த மருந்து எவ்வளவு என்பதை மருத்துவமனை முடிவு செய்து கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். தேவை எவ்வளவு என்ற கணக்கு இதனால் மேசையில் உட்கார்ந்து ஊகிப்பதாக இல்லாமல், உண்மையில் எடுத்த அளவிலிருந்து வருகிறது. சப்ளை ஆபத்தில் பாதி இந்தக் கணக்கு தப்பாவதில்தான் தொடங்குகிறது, யாரும் இதைப் பேசுவதில்லை.

2. மாவட்டக் கிடங்குகள். சில மாத இருப்பைக் கையில் வைத்திருந்தால் ஒரு சப்ளையர் தடுமாறினாலும் அடுத்தவரிடம் ஆர்டர் போய்ச் சரக்கு வரும்வரை தாக்குப்பிடிக்கலாம். இருப்பு வைப்பதில் பணம் முடங்கும், காலாவதி ஆபத்தும் உண்டு. அந்தச் செலவுதான் இதற்கான காப்பீட்டுப் பிரீமியம்.

3. சோதனையில் தேறினால்தான் பணம். கிடங்குக்கு வந்த ஒவ்வொரு உற்பத்தித் தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, நிறுவனத்தின் பெயர் தெரியாதபடி குறியீடு போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். முடிவு வரும்வரை சரக்கு மருத்துவமனைக்குப் போகாது. எந்த நிறுவனத்தின் மருந்து என்று ஆய்வகத்துக்கே தெரியாது என்பதுதான் இதில் முக்கியம்.

4. ஒருவரையே நம்பாமல் இருப்பது. எல்1-ஆல் முழுத் தேவையையும் தர முடியாது என்றால், எல்1 விலைக்கு இறங்கி வரும் எல்2, எல்3-க்கும் பங்கு பிரித்துக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது.

5. தாமதத்துக்கு அபராதம், திரும்பத் திரும்பத் தவறினால் கறுப்புப் பட்டியல். கறுப்புப் பட்டியலில் வைப்பது ஒரு நிறுவனத்தைத் தொழிலிலிருந்தே துரத்துவது மாதிரி என்பதால், அதை விளக்கம் கேட்கும் நோட்டீஸிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2014-இல் கோர்கா செக்யூரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வரியை விட்டுவிட்டு நோட்டீஸ் அனுப்பினால் தடை உத்தரவு நீதிமன்றத்தில் நிற்காது.

இதோடு மருத்துவமனைகளுக்குச் சிறு பங்கு நிதி உள்ளூர்க் கொள்முதலுக்கு உண்டு. ஆரம்பத்தில் கேட்டோமே, எதிர்க் கடையில் வாங்கக் கூடாதா என்று, அதற்கான சட்டபூர்வமான பதில் இந்தப் பங்குதான். எல்லாவற்றையும் அப்படி வாங்கினால் கழகம் வருவதற்கு முந்தைய நிலைமைதான் திரும்பும்: ஒரே மாத்திரைக்கு ஊருக்கு ஒரு விலை, தரத்துக்குப் பொறுப்பு சொல்ல ஆளில்லை.

விலை ஏறினால் யார் தலையில்?

விலை ஒப்பந்தம் போட்டாயிற்று. ஆறாவது மாதம் மூலமருந்து விலை இரட்டிப்பாகிறது. சப்ளையர் நட்டத்தில் தரவேண்டுமா?

சட்டத்தின் பதில் கறாரானது: தர வேண்டும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு, செய்யவே முடியாமல் போன ஒப்பந்தத்தை மட்டும்தான் விடுவிக்கிறது, கட்டுப்படியாகாமல் போனதை விடுவிப்பதில்லை. 2017-இல் எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் இது பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. இந்தோனேசியா தன் நிலக்கரி ஏற்றுமதி விலைச் சட்டத்தை மாற்றியதால் எரிபொருள் செலவு எகிறிவிட்டது, எனவே தவிர்க்க முடியாத நிகழ்வு என்று கருதி விடுவிக்க வேண்டும் என்று முந்த்ராவில் மின்நிலையம் நடத்தும் அதானி, டாடா நிறுவனங்கள் கேட்டன. விலை ஏறுவது அந்த வகையில் வராது என்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

சரி, சட்டப்படி அரசு ஜெயித்தது. மருந்து வருமா? இங்கேதான் எனக்கு இந்தக் கறார்த்தனத்தில் சந்தேகம். நட்டத்தில் மருந்து தருவதைவிடக் காப்புத்தொகையை இழப்பது மலிவு என்று சப்ளையருக்குத் தோன்றினால் அவர் இழந்துவிட்டுப் போய்விடுவார். அரசு கையில் பறிமுதல் செய்த பணம் இருக்கும், கிடங்கில் மாத்திரை இருக்காது. இந்த உண்மையை அரசே ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது: 2019 டிசம்பரில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 21 மருந்து வடிவங்களின் உச்சவரம்பு விலையை ஒரேயடியாக 50 சதவீதம் உயர்த்தியது. மூலமருந்து விலையேற்றத்தால் தயாரிப்பே நின்றுபோகும் நிலை என்பதுதான் காரணம். மலிவு விலையை விடாப்பிடியாகப் பிடித்திருந்தால் மலிவு விலையில் ஒன்றுமே கிடைத்திருக்காது.

இதற்கு டெண்டர் ஆவணத்திலேயே வழி உண்டு. மூலப்பொருள் விலை ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டி ஏறினாலோ இறங்கினாலோ ஒப்பந்த விலையும் அதற்கேற்ப மாறும் என்று ஒரு பிரிவு எழுதலாம். சாலைப் பணிகளில் சிமெண்டுக்கும் தாருக்கும் இது பழகிப்போன விஷயம். மருந்தில் தயக்கம் அதிகம், தணிக்கைக்காரர் 'ஏன் கூடுதலாகக் கொடுத்தீர்கள்' என்று கேட்பார் என்ற பயம். முதலிலேயே எழுதியிருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் ஆவணத்திலேயே இருக்கும்.

தவிர்க்க முடியாத நிகழ்வு என்ற பிரிவும் அப்படித்தான். 2020 பிப்ரவரி 19 அன்றே, இந்தியாவில் ஊரடங்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பே, சீனாவில் பரவும் கொரோனாவால் சரக்கு தடைப்பட்டால் அதை இயற்கைப் பேரிடராகக் கொள்ளலாம் என்று ஒன்றிய நிதித்துறை குறிப்பாணை விட்டது. அடுத்து மார்ச் 3 அன்று, பாராசிட்டமால் உள்ளிட்ட 26 மூலமருந்துகளும் மருந்து வடிவங்களும் வெளிநாடு போக இந்தியாவே கட்டுப்பாடு விதித்தது. சீனா நமக்கு எப்படியோ, வேறு பல நாடுகளுக்கு நாம் அப்படி.

அவசர வாசல்

1998 சட்டத்தின் 16-ஆம் பிரிவு விலக்குகளைச் சொல்கிறது. இயற்கைப் பேரிடர் அல்லது அரசு அறிவித்த நெருக்கடி என்றால் டெண்டர் இல்லாமல் வாங்கலாம், ஒரே ஒருவரிடம்தான் கிடைக்கும் என்றாலும் வாங்கலாம். இந்த வாசல் இருக்கத்தான் வேண்டும். சிக்கல் என்னவென்றால், வாசல் திறக்கும் நேரம் பார்த்துத்தான் சந்தையில் சரக்கு இல்லை, எல்லோரும் அடித்துப் பிடிக்கிறார்கள், சரிபார்க்க நேரமில்லை. டெண்டர் முறை எதைத் தடுக்க வந்ததோ அதுவும், சப்ளைச் சங்கிலியில் எது உடையுமோ அதுவும் ஒரே வாரத்தில் ஒரே மேசைக்கு வந்துசேர்கின்றன.

2020 ஏப்ரலில் நடந்த கொரோனா விரைவுப் பரிசோதனைக் கருவி விவகாரம் நினைவிருக்கலாம். சீன நிறுவனத்தின் கருவியை இறக்குமதி நிறுவனம் ஒன்று 245 ரூபாய்க்கு இறக்கியது. விநியோகஸ்தர் வழியாக ஐசிஎம்ஆருக்கு (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வந்த விலை 600 ரூபாய். தமிழ்நாடும் அதே கருவியை வேறொரு விநியோகஸ்தர் மூலம் 600 ரூபாய்க்கு ஆர்டர் செய்திருந்தது. இந்த விவரம் எந்தத் தணிக்கையிலும் வெளிவரவில்லை, இறக்குமதியாளரும் விநியோகஸ்தரும் தங்களுக்குள் சண்டை போட்டு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனதால் வெளிவந்தது. நீதிமன்றம் விலையை 400 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்றது. அதற்குள் கருவியே சரியாக வேலை செய்யவில்லை என்று ஐசிஎம்ஆர் பயன்பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டது, ஆர்டர்களும் ரத்தாயின.

இலங்கையில் நடந்தது இதைவிடக் கொடியது. 2022-இல் டாலர் தீர்ந்தபோது மருந்து இறக்குமதியும் தள்ளாடியது, இந்தியாவின் 100 கோடி டாலர் கடனுதவியில் மருந்தும் சேர்ந்தே வந்தது. அங்கே சாதாரணமாக ஒரு மருந்து நாட்டுக்குள் வரத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவு வேண்டும். 2015-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் அவசரத்துக்குப் பதிவு விலக்கும் தருகிறது. நெருக்கடிக் காலத்தில் இந்த விலக்குதான் நிறையப் பயன்பட்டது. 2023-இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரத மருந்து) குப்பிகள் அரசு வைத்தியசாலைகளுக்குள் போய், நோயாளிகளுக்கு ஒவ்வாமை ஏற்பட்ட பிறகுதான் ஆவணங்களே போலி என்ற விவகாரம் வெடித்தது. முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பிப்ரவரியில் கைதானார், வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நமக்கு இங்கே வேண்டியது நடைமுறை: டெண்டர் விலக்கு, பதிவு விலக்கு இரண்டும் ஒரே சரக்கில் சேரும்போது, கிடங்கில் எடுக்கும் மாதிரிதான் கடைசித் தடுப்பு. அவசரம் என்று எதை விட்டாலும் அதை மட்டும் விடக் கூடாது, பார்த்தால் முதலில் விடப்படுவது பெரும்பாலும் அதுதான்.

டெண்டர் போட்டும் யாரும் வராதபோது

நேர் எதிரான அனுபவமும் உண்டு. 2021 மே மாதம் தடுப்பூசிக்குத் தவித்தபோது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 3.5 கோடி டோஸுக்கு உலகளாவிய டெண்டர் விட்டது. முறைப்படி எல்லாம் சரி. ஒருவர்கூட விலை சொல்ல வரவில்லை. ஃபைசர், மாடர்னா போன்றவை ஒன்றிய அரசோடு மட்டும்தான் பேசுவோம் என்று இருந்தன, மற்றவர்களிடம் சரக்கே இல்லை. வாங்குபவர் கியூவில் நிற்கும் சந்தையில், விற்பவர்கள் போட்டி போடுவார்கள் என்று நம்பி எழுதிய சட்டத்துக்குச் செய்ய வேலையே இல்லை. அங்கே எடுபட்டது முன்பணம் கொடுத்து முன்கூட்டியே செய்துகொண்ட ஒப்பந்தங்கள், அதைச் செய்தது பணக்கார நாடுகள்.

அடுத்த செய்தி வரும்போது பார்க்க வேண்டியவை

1. இல்லை என்பது மாநிலக் கிடங்கிலா, அந்த ஒரு மருத்துவமனையிலா? பின்னதென்றால் கேள்வி பாஸ்புக் ஒதுக்கீட்டையும் அங்கே தேவைக்கணக்கு போட்டவரையும் நோக்கிப் போக வேண்டும்.

2. டெண்டருக்கு எத்தனை பேர் வந்தார்கள்? ஒருவர்தான் என்றால் விலை கட்டுப்படியாகவில்லை என்பது ஒரு சாத்தியம், நிபந்தனையை ஒருவருக்காகத் தைத்திருக்கிறார்கள் என்பது இன்னொன்று. நிபந்தனைகளைப் படித்தால்தான் எது என்று தெரியும்.

3. விலக்குப் பிரிவில் வாங்கியிருந்தால், அந்த அவசரம் எதிர்பாராததா, அல்லது பழைய விலை ஒப்பந்தம் முடியும் தேதி தெரிந்தும் புதிய டெண்டரை இழுத்தடித்ததால் வந்ததா? இரண்டாவது வகை நெருக்கடி பேரிடர்ப் பட்டியலில் வராது.

4. மாதிரிச் சோதனை முடிவு சரக்கு விநியோகத்துக்கு முன் வந்ததா, பின்னரா?

இவற்றில் இரண்டாவதற்கான விடை வெளியிலேயே கிடைக்க வேண்டும். டெண்டர் அறிவிப்பையும், யாருக்கு ஏன் கொடுத்தோம் என்ற ஒப்பீட்டையும் டெண்டர் செய்தி இதழில் வெளியிட வேண்டும் என்று 1998 சட்டம் சொல்கிறது. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். கேட்கும்போது ஒப்பந்த விலையை மட்டும் கேட்காமல், பழைய ஒப்பந்தம் முடிந்த தேதியையும் ஆய்வக அறிக்கையின் தேதியையும் சேர்த்துக் கேளுங்கள்.